ஊவா மலையின் பழைய கார்கள்: பெயரோடு முடியாத அடையாளம்

ஹாலிஎலயிலிருந்து தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலைக்குப் போகும் ஏ-16 வீதியிலும், வெலிமடையிலிருந்து பதுளை, பசறை, லுணுகலை என்று இறங்கும் ஏ-5 வீதியிலும் பழைய வாகனங்களைப் பார்க்க எந்தக் கண்காட்சிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஃபோக்ஸ்வேகன் பீட்டில், லேண்ட் ரோவர், மூக்கு நீண்ட பெட்ஃபோர்ட் லொறி என்று அரை நூற்றாண்டைத் தாண்டியவை மலையகத்து வீதிகளில் இன்னமும் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கண்டதும் எந்தக் கம்பனி, எந்த மாடல், எந்த ஆண்டு என்று சொல்லத் தெரிந்தால் அடையாளம் கண்டாகிவிட்டது என்பதே பொதுவான எண்ணம். அந்தத் திறமை மதிக்கத்தக்கது. ஆனால் ஊவாவைப் பொறுத்தவரை அது பாதி வேலைதான். இந்த மலையில் ஒரு பழைய வாகனத்தை முழுமையாக அறிய மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டும்: தொழிற்சாலை கொடுத்த உடல், அரசாங்கம் கொடுத்த இலக்கத் தகடு, கராஜ்காரர் கொடுத்த உள்ளுறுப்புகள். முதல் சாட்சியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர் அந்தக் கார் எங்கே பிறந்தது என்று சொல்கிறார். எப்படி வாழ்ந்தது என்பதைத் தவறவிடுகிறார்.

முதல் சாட்சியிலிருந்தே தொடங்கலாம். இலங்கையர் மிக நன்றாக அறிந்த பழைய கார் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் கார், 1971 வரையில் 16 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. எட்டி நின்று பார்த்தால் எல்லா மைனரும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசங்கள் சின்னச் சின்ன இடங்களில் இருக்கின்றன. முன்விளக்குகள் தாழ்வாக, கிறிலின் இரு பக்கங்களிலும் பதிந்திருந்தால் அது ஆரம்ப ஆண்டுகளின் கார். பின்னர் அவை மட்காட்டின் மேலே ஏறின. முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்திய ‘மைனர் 1000’. பிரிந்த கண்ணாடி கொண்டவற்றிலும் கிறிலில் அகன்ற கிடைக்கம்பிகள் இருந்தால் 1954 இறுதிக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். முன்கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே நீண்டு திரும்பும் திசையைக் காட்டுவது பழைய முறை. 1961இல்தான் மினுங்கும் விளக்குகள் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. ஆகவே 1950களின் காரொன்றில் மினுங்கும் விளக்கு இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். தூணில் அந்தக் கை மடங்கியிருந்த துவாரத்தை அடைத்த தடம் தெரிகிறதா என்று பார்த்தால், விளக்கு பின்னால் வந்தது என்பது புலப்படும்.

தோட்டப் பகுதிகளில் மைனருக்கு இணையாகப் பெயர் பெற்றது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான இந்த வாகனத்தின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதே அதற்குக் காரணம். உடல் துருப்பிடிக்காது, அடியிலுள்ள சேசி துருப்பிடிக்கும். அதனால் பார்வைக்கு இளமையாக நிற்கும் லேண்ட் ரோவரின் உண்மையான வயதைக் குனிந்து பார்த்துத்தான் அறிய வேண்டும். பக்கங்கள் தட்டையாக இருந்தால் 1958க்கு முந்திய முதல் வரிசை. இடுப்புயரத்தில் மெல்லிய வளைவு இருந்தால் அதற்குப் பிந்தியது. முன்விளக்குகள் கிறிலுக்குள் நெருங்கி நின்றால் பழையது. மட்காட்டுக்கு நகர்ந்திருந்தால் 1960களின் இறுதிக்குப் பிந்தியது. கிறில் பிளாஸ்டிக்கால் ஆனதென்றால் 1971இல் தொடங்கிய மூன்றாம் வரிசை. பீட்டிலுக்குப் பின்கண்ணாடியே பிறப்புச் சான்று: 1953 வரை இரண்டாகப் பிளந்தது, 1957 வரை முட்டை வடிவம், அதன்பின் அகன்ற செவ்வகம். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், வூல்ஸ்லி ஆகிய மூன்றும் 1959 அளவிலிருந்து இத்தாலியப் பினின்ஃபரினா வரைந்த ஒரே உடலை வெவ்வேறு கிறில்களோடு அணிந்தன. ஒரு கிறிலைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது அரை நாள் வேலை என்பதால், சின்னத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வது ஆபத்தானது.

இந்த வாகனங்கள் இவ்வளவு காலம் ஏன் தாக்குப்பிடித்தன என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், அந்தக் காலத்துச் சாமான் உறுதியானது என்பது. அது முழு விடையாகாது. இதே மைனரும் இதே ஒஸ்டினும் பிரிட்டனில் இலட்சக்கணக்கில் இரும்புக்கடைக்குப் போயின. இங்கே அவற்றைக் காப்பாற்றியது அந்நியச் செலாவணிப் பஞ்சம். 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதிய கார் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. 1970களில் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்டா கார்களை உள்நாட்டில் பொருத்தி விற்றாலும், வீதியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றைத் திருத்தி வைத்துக்கொள்வதே பொதுவழியாக இருந்தது. அந்தப் பழக்கம் கைத்திறனாக வளர்ந்ததற்கு ஒரு சான்று உண்டு: இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்க ஏற்பாடு செய்தார். கார் பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து பாகங்கள் போயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பாவித்த வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதை அனுபவித்தவர்களுக்கு, 1960களில் ஒரு மைனரை யாரும் ஏன் எறியவில்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சாட்சி இலக்கத் தகடு. ஆங்கில எழுத்துகள் இரண்டு, சி.இ., சி.எல்., இ.எல்., இ.என்., இ.வை. என்பன போல், முன்னால் நிற்கும் தகடு ‘ஸ்ரீ’ வருவதற்கு முந்திய காலத்தைச் சேர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் இலக்கங்களுக்கு நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து நுழைந்தது. பின்னாளில் அதுவும் கைவிடப்பட்டு இலக்கங்கள் மட்டும் நின்றன. 2000ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்துகள் மாகாணக் குறியோடு வந்தன, ஊவாவுக்கு யூ.பி. என்று. தமிழருக்கு இந்த வரிசை வெறும் நிர்வாக விவரமாக இருக்க முடியாது. ‘ஸ்ரீ’ எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய இயக்கமும், அதைத் தொடர்ந்த பதற்றமும், 1957இல் கைச்சாத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டதும், அடுத்த மாதமே வெடித்த வன்செயல்களும் ஒரே காலத்தின் நிகழ்வுகள். ஒரே மாடல், ஒரே நிறம் கொண்ட இரண்டு மைனர்களில் ஒன்று இ.என். தகடும் மற்றது ‘ஸ்ரீ’ தகடும் தாங்கி நின்றால், அவற்றுக்கு நடுவே நாட்டின் வரலாற்றில் ஒரு கோடு ஓடுகிறது. தகடு சொல்வது உற்பத்தி ஆண்டை அல்ல, இங்கே பதிவான காலத்தை என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு வந்த கார், தன் உடலைவிட இளைய தகட்டைத் தாங்கியிருக்கும். உடலும் தகடும் முரண்படும் இடத்தில்தான் விசாரணை சுவையானதாகிறது.

மூன்றாவது சாட்சி பொனட்டுக்குக் கீழே இருக்கிறது. அதை உருவாக்கியது இந்த மலை. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீட்டரைத் தாண்டுகிறது. 1952க்குப் பின் வந்த மைனரின் 803 சி.சி. எஞ்சின் தந்தது வெறும் 30 குதிரைவலு. அதைக் கொண்டு குடும்பத்தையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறுவது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவிடாத சோதனை. இறக்கமோ இன்னும் கடுமையானது. நான்கு சில்லுகளிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் நீளமாக இறங்கும்போது அவை சூடேறிப் பிடிமானம் குறையும். கீழ் கியரில் இறங்கும் பழக்கம் இங்கே சாரதிகளுக்குக் கட்டாயப் பாடமானதற்கு அதுவே காரணம். அந்தக் காலத்து டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரம் தராது. அப்புத்தளை மூடுபனியில் விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் பற்றரி வற்றிவிடும். இவற்றுக்கெல்லாம் கராஜ்கள் கண்ட விடைகளே இன்று பொனட்டைத் திறந்தால் தெரிபவை: மைனருக்குள் டட்சன் 1200 எஞ்சினும் கியர் பெட்டியும், லேண்ட் ரோவருக்குள் ஜப்பானிய டீசல் எஞ்சின், டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர், முன்சில்லில் டிஸ்க் பிரேக். இவை நாடெங்கும் நடந்த மாற்றங்கள்தான். மேட்டு நிலத்தில் அவற்றின் தேவை இரட்டிப்பாக இருந்தது.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. எஞ்சின் மாறிய கார் உண்மையான பழைய கார் ஆகுமா, அதற்கு மொரிஸ் என்று பெயர் சொல்வது பொய்யில்லையா என்று தூய்மைவாதிகள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு; தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நிற்கும் கார், பொறியியல் ஆவணம் என்ற முறையில் ஈடற்றது. அத்தகையவை சில பாதுகாக்கப்படத்தான் வேண்டும். ஆனால் அதையே ஒரேயொரு அளவுகோலாக வைத்தால், குளிரூட்டிய கொட்டிலில் உறங்கிய கார் மட்டுமே வரலாறு என்றாகிவிடும். ஐம்பது ஆண்டுகள் உழைத்த கார் வரலாற்றுக்கு வெளியே தள்ளப்படும். பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமே, ஒரு வாகனம் தன் உழைப்புக் காலத்தில் பெற்ற மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாக மதிக்கிறது. கியூபாவைப் பாருங்கள்: 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்க உதிரிப்பாகங்கள் வராமல் போனதால், ஹவானாவின் செவ்ரொலெட்டுகளுக்குள் வேற்று நாட்டு எஞ்சின்கள் புகுந்தன. அதனால் அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேசுவோர் சிலரே. அவை கியூபாவின் கதையாகவே போற்றப்படுகின்றன. ஊவாவின் மைனருக்கும் அதே நீதி வேண்டும். செய்ய வேண்டியது மாற்றத்தை மறைக்காமல் சொல்வது: உடல் இந்த ஆண்டு, பதிவு இந்தக் காலம், எஞ்சின் இது. பொய் பிறப்பது மாற்றத்திலிருந்து அல்ல, மாற்றத்தைச் சொல்லாமல் விடுவதிலிருந்து.

இரண்டாவது மறுப்பு ஆழமானது; மலையகத் தமிழ் வாசகர் மனதில் அது இயல்பாகவே எழும். பெரிய துரையின் காரையும் லேண்ட் ரோவரையும் கொண்டாடுவது, லயத்தில் வாழ்ந்தவர்களைப் பிழிந்த ஒரு காலத்தைக் கொண்டாடுவதாகாதா? கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்கியவர்களின் சந்ததிக்கு அந்தக் காரில் என்ன உரிமை? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மொரிஸ் மைனரும் லேண்ட் ரோவரும் வெளிவந்த அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. துறைமுகத்தில் இறங்கிய காருக்குப் பதிவுப் புத்தகம் கிடைத்தது; இந்த நாட்டை உழைத்து உருவாக்கியவர்களுக்குப் பிரஜை என்ற பத்திரம் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்தே எந்தத் தோட்ட வாகனத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய முடிவு, காரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புவது அல்ல. தோட்டக் காருக்கு உரிமையாளன் ஒருவன் மட்டும் இல்லை. ஓட்டியவர், கழுவியவர், திருத்தியவர், கொழுந்து லொறியின் பின்தட்டில் மூட்டை ஏற்றியவர் என்று பலர் அதனோடு வாழ்ந்தார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992இல் அவற்றின் முகாமை மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் போனதும் வாகனங்கள் கைமாறிய கட்டங்களும்தான்.

புகழ்பெற்ற உரிமையாளர் இருந்தால் கார் தானாகவே பாதுகாக்கப்படும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கையில் கடற்படைப் பணியிலிருந்த பிலிப் இளவரசர் வாங்கிய 1935ஆம் ஆண்டு ஸ்டான்டர்ட் நைன், கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டலில் காட்சிக்கு வைக்கப்பட்டது அதற்கு உதாரணம். பெயரற்ற சாரதி முப்பது ஆண்டுகள் ஓட்டிய லொறிக்கு அப்படியோர் இடம் கிடைப்பதில்லை. கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயமொன்றில் அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம், சாதாரண மனிதரின் பாவனைப் பொருளும் காக்கத்தக்கதே என்று காட்டியிருக்கிறது. அந்தப் பார்வையை வீதியில் ஓடும் வாகனத்துக்கும் நீட்ட வேண்டும் என்பதே என் வாதத்தின் மையம். மூன்றாவது சாட்சியை விசாரிப்பதன் பெறுமதியும் அங்கேதான் இருக்கிறது. உடல் இங்கிலாந்துத் தொழிலாளரைப் பற்றிப் பேசுகிறது. தகடு கொழும்பின் அரசியலைப் பற்றிப் பேசுகிறது. மாற்றப்பட்ட எஞ்சினும் லேத் பட்டறையில் கடைந்த பாகமும் மட்டுமே பதுளையின் கைகளைப் பற்றிப் பேசுகின்றன. அந்தச் சாட்சியத்தைப் பதியாமல் விட்டால், துரையின் பெயர் மட்டும் எஞ்சும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பழைய வாகனம் புகை கக்கும், பாதுகாப்பும் குறைவு, மலைப்பாதையில் அதை ஓடவிடுவதே தவறு என்பார்கள். இதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆசனப்பட்டியும் மோதலைத் தாங்கும் உடலமைப்பும் இல்லாத காலத்தில் பிறந்த கார், இன்றைய காருக்கு எந்த வகையிலும் ஈடாகாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் ஆண்டு வரிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்ற விதியைத் தளர்த்தக் கேட்பதும் சரியாகாது. பிரேக் தேய்ந்த லொறி எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் அது வீதிக்கு வரக் கூடாது. ஆனால் இந்த மறுப்பு அடையாளம் காண்பதற்கு எதிரான வாதமாகாது. வாகனம் வீதியிலிருந்து விலகப்போகிறது என்றால் அதை இப்போதே பதிந்துகொள்ள வேண்டிய அவசரம் கூடுகிறது. தவிர, டிஸ்க் பிரேக் பொருத்திய, எஞ்சின் மாற்றிய கார் பெரும்பாலும் தூய்மைவாதி விரும்பும் காரைவிடப் பாதுகாப்பானது. மாற்றங்களை மதிக்கும் பார்வை பாதுகாப்புக்கும் துணை நிற்கிறது.

இனி வழிமுறை. வாகனத்தின் நிறத்தையும் சின்னத்தையும் கடைசியில் பாருங்கள். அவை மிக எளிதில் மாறுபவை. முதலில் கண்ணாடியின் வடிவம், விளக்குகளின் இடம், கதவுக் கீல், கூரையின் கோடு ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றை மாற்றப் பெரும் செலவாகும் என்பதால் இவை பொய் சொல்வது அரிது. மினி கார் என்றால் கதவுக் கீல் வெளியே தெரிகிறதா, கண்ணாடி சறுக்கித் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் அது 1960களின் கார். அடுத்து தகட்டின் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு இலக்கத்தையும் படத்தோடு பகிரங்கமாகப் போடுவது உரிமையாளரின் அந்தரங்கத்தில் கைவைப்பதாகும். காலத்தை அறிய வகை போதும். உரிமையாளரோ சாரதியோ அருகில் இருந்தால் அனுமதி கேட்டபின் படம் எடுங்கள். அதைவிட முக்கியமாக, யார் திருத்தினார், எப்போது எஞ்சின் மாறியது, ஏன் மாறியது என்று கேளுங்கள். உடலுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் முரண்பாடு தெரிந்தால், அவசரப்பட்டு மோசடி என்று முத்திரை குத்தாமல், தெரிந்ததைத் தெரிந்தவரை எழுதுங்கள். ஐயமுள்ள ஆண்டை ‘அளவில்’ என்று குறிப்பது குறைபாடல்ல, நேர்மை.

இதைத் தனியார் பொழுதுபோக்காக விட்டுவிடக் கூடாது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் வரலாறும் தொழில்நுட்பமும் படிக்கிறார்கள். பண்டாரவளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை என்று ஊர் ஊராக, ஓடும் பழைய வாகனங்களையும் அவற்றைத் திருத்திய கராஜ்களையும் மூன்று சாட்சிகளோடும் பதிவுசெய்வது ஒரு பாடசாலைச் செயற்றிட்டமாகவே நடக்கக்கூடியது. கைபேசியும் குறிப்புப் புத்தகமும் பொறுமையான காதும் இருந்தால் போதும். 2025இல் இறக்குமதி மறுபடியும் திறக்கப்பட்டபின் பழைய வாகனங்களைக் கழிக்கும் வேகம் கூடலாம்; எஞ்சியவற்றில் சிலவற்றைப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் வாங்கி, மாற்றங்களையெல்லாம் களைந்து, தொழிற்சாலைக் கோலத்துக்கே திருப்பிவிடவும் கூடும். அப்போது கார் மினுக்கத்தோடு பிழைக்கும். ஊவாவில் அது வாழ்ந்த வாழ்க்கை அழிந்துவிடும். அதைத் திருத்திய முதிய மெக்கானிக்குகளின் நினைவிலேயே அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆகையால் பதிவு காருக்கு முன்னால் அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். ஊவா வீதியில் ஒரு பழைய மைனரைக் காண்பவர், இது எந்த ஆண்டுக் கார் என்ற கேள்வியோடு, இதை இத்தனை காலம் ஓடவைத்தவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுதப்படும்போதுதான் அந்தக் கார் முழுமையாக அடையாளம் காணப்பட்டது என்று சொல்ல முடியும்.